கழற்றி வைக்க முடியாத இரும்பு

அத்தியாயம் 17

மூக்குத்திதான் கடைசிவரை அடம்பிடித்தது.

மெட்டிகள் முதல்நாள் மாலையே வந்துவிட்டன. தோடும் கொண்டை ஊசியும் சாமி படத்தட்டில் கிடந்தன. ரவிக்கையின் கொக்கிகளைக்கூட நல்லம்மா விட்டுவைக்கவில்லை. அவற்றை அறுத்தெடுத்துவிட்டு நாடா வைத்துத் தைத்திருந்தாள். மூக்குத்தியின் திருகு மட்டும் கல்யாணத்தன்று முறுக்கிய முறுக்கிலேயே நின்றது.

"ஆடாத புள்ள. இந்தா, வந்துருச்சு" என்று நல்லம்மா மருமகளின் மூக்கில் இன்னொரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டாள்.

"வலிக்குது அத்தை."

"வலிக்கட்டும். அந்தக் காந்தம் இழுத்துச்சுனா மூக்கோட பிச்சுக்கிட்டுப் போயிருமாம். தனு சொன்னா."

கண்ணாடியின் முன் தலை வாரிக்கொண்டிருந்த தனுஜா திரும்பினாள். "நான் எங்கம்மா மூக்கோடனு சொன்னேன்? இரும்பு, தகரம் ஒண்ணும் ஒடம்புல இருக்கக் கூடாதுனு ஆஸ்பத்திரி மிஸ் சொன்னாங்க. மூக்கு நீங்களா சேத்துக்கிட்டது."

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்கோடு சரிந்து விழுந்த நாளிலிருந்து, மருமகள் விஜயலெட்சுமியின் உடம்பு அந்தத் தோட்டத்து லயத்து வீட்டின் பொதுக் கவலையாகிவிட்டது. இடது கை ஏன் மரத்துப்போகிறது, தலைவலி ஏன் விடுவதில்லை, ராத்திரியில் ஏன் எழுந்து கதவைத் தடவிப் பார்க்கிறாள் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பதுளை ஆஸ்பத்திரி டொக்டர் காரணம் எதுவும் சொல்லவில்லை. காந்த ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்றார். அந்த நாள்தான் இன்று.

மூக்குத்தி கழன்றது. நல்லம்மா நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

"இனி ஒண்ணும் இல்ல" என்றாள்.

விஜயா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். வலது காதுக்குப் பின்னால், மண்டையோட்டின் விளிம்பில் ஒன்று. இடுப்பெலும்பை ஒட்டி இன்னொன்று. வன்னியில், தார்ப்பாய்க்குக் கீழே இயங்கிய ஓர் ஆஸ்பத்திரியில், எடுக்க நேரமில்லை என்று உள்ளேயே விட்டுத் தைத்த, வெடித்த எறிகணையின் செல்லுத் துண்டுகள் அவை. எந்த எண்ணெய்க்கும் அவை வரமாட்டா.

இது அந்த வீட்டில் அவள் கணவன் ரமேஸுக்கு மட்டும் தெரியும். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தின்பின் லுணுகலையிலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய தோட்டக் குடும்பம் விஜயாவினுடையது. போரின் கடைசிக் காலத்தில் இயக்கத்துக்கு வீட்டுக்கொரு ஆள் என்று பிடித்துச் சென்றவர்கள், அந்த வீட்டிலிருந்து அவளைப் பிடித்துச் சென்றார்கள். போர் முடிந்தபோது அரசாங்கம் அவளைப் புனர்வாழ்வு முகாமில் வைத்திருந்து விடுவித்தது. முகாமில் தையலும் சிங்களமும் கற்றுக்கொடுத்தார்கள்.

பெண் பார்க்க வந்த காலத்தில் ரமேஸ் தன் தாயிடம் வேறு கதை சொல்லியிருந்தான். பெண் சண்டைக்காலம் முழுவதும் வவுனியாவில் சித்தி வீட்டிலிருந்து தையல் வேலை பார்த்தவள். காதோரத் தழும்பு தகரம் வெட்டியது. அவன் அப்படிச் சொன்னதற்குச் சுவரில் ஒரு காரணம் மாலையோடு தொங்கியது. நல்லம்மாவின் மூத்த மகன் விஜேந்திரனின் படம் அது. கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை பார்த்தவன். லீவில் ஊருக்குப் புறப்பட்டவன், பஸ்ஸில் வெடித்த குண்டோடு போய்விட்டான். அந்தக் குண்டை வைத்தவர்களின் சீருடையைத்தான் பிற்பாடு விஜயாவுக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள்.

ஆகவே இரும்பை மறைத்தாள். கேளாத வலது காதை மறைத்தாள். எங்கே கற்றாய் என்ற கேள்விக்குப் பயந்து சிங்களத்தையும் மறைத்தாள். கடையில் விலை கேட்பதற்குக்கூடத் தனுஜா வேண்டும். "எங்க அண்ணிக்கு நான்தான் வாயி" என்று தனுஜா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

சென்றமுறையும் டொக்டரிடம் அவள்தான் பேசினாள். ரமேஸ் பக்கத்தில் நின்று வேர்த்தான். இம்முறை தனுஜா வேண்டாம், தானே கூட்டிக்கொண்டுபோய் டொக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவது என்பது அவன் முடிவு.

ஆனால் பக்டறியிலிருந்து போன் வந்தது.

*

"கொழுந்து லொறி ட்ரைவருக்குக் கை ஒடிஞ்சிருச்சாம். என்னைய வரச் சொல்றாங்க" என்றான் ரமேஸ். "ஸ்கேன இன்னொரு நாளைக்குப் போட்டுக்குவோம்."

"என்னா பேச்சுடா பேசுற?" நல்லம்மா எழுந்துவிட்டாள். "இந்த நாளு கெடைக்கவே எவ்வளவு காலம் காத்துக் கெடந்தோம்? அவ இன்னொரு தரம் விழுந்து எந்திரிக்காமப் போனா அப்பறம் யாருக்கு ஸ்கேன் எடுக்கிறது? தனு கூட்டிக்கிட்டுப் போகட்டும்."

"தனுவுக்கு வேலை இருக்கு."

"புவாத் முதலாளிகிட்ட நேத்தே லீவு சொல்லிட்டேன்" என்றாள் தனுஜா. பதுளையில் புவாத்தின் துணிக்கடையில் அவள் கணக்கெழுதினாள். "நீ சும்மா போய் லொறிய ஓட்டு. நீ வந்தாலும் டொக்டருக்கு முன்னால திருடன் மாதிரித்தானே முழிப்ப?"

எல்லோரும் சிரித்தார்கள். ரமேஸும் சிரிக்க வேண்டியிருந்தது.

பீலிக்கரையில் முகம் கழுவும் சாக்கில் அவன் விஜயாவின் இடப்பக்கமாக வந்து நின்றான். அந்தப் பக்கம் நின்றால்தான் அவளுக்குக் கேட்கும் என்பது அவனுக்கு மட்டுமே பழகியிருந்தது.

"மிசின் ரூமுக்குள்ள நோயாளிய மட்டுந்தான் விடுவாங்க. தனு வெளியதான் நிப்பா. உள்ள போன ஒடனே நர்ஸ்கிட்ட நீயே சிங்களத்துல சொல்லிரு. வெளிய வந்து மிசினு வேலை செய்யலனு சொல்லு."

"சரிங்க."

"மறந்துறாத."

"உசுரு என்னோடதுங்க. மறப்பேனா?"

புறப்படும்போது நல்லம்மா விஜயாவின் தாலியைக் கழற்றிச் சிவப்புத் துணியில் முடிந்து தனுஜாவிடம் கொடுத்தாள். வெறுங்கழுத்தோடு போகக்கூடாது என்று, மஞ்சள்கிழங்கு கட்டிய நூல் ஒன்றை மருமகளின் கழுத்தில் போட்டுவிட்டாள்.

"வெளிய வந்த ஒடனே கெழக்க பாத்துப் போட்டுக்க. போட்டதும் எனக்குப் போன் பண்ணு தனு. அதுவரைக்கும் எனக்குச் சோறு எறங்காது."

*

பசறை வழியாக வரும் பதுளை பஸ்ஸில் விஜயா பின் கதவுக்கு அருகிலிருந்த இருக்கையைத் தேர்ந்தாள். உட்காருமுன் குனிந்து இருக்கையின் அடியில் பார்த்தாள்.

அந்தக் குடும்பத்தில் இரண்டு பேருக்கு இந்தப் பழக்கம் இருந்தது. ஒருத்தி நல்லம்மா, மகனைப் பஸ்ஸில் இழந்த தாய். மருமகளும் தன்னைப் போலவே குனிந்து பார்ப்பதைக் கண்ட நாளில், தன் துக்கத்தை அவளும் சுமக்கிறாள் என்று நெகிழ்ந்து, அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தன்னுடையது வன்னியில் பழகியது என்று விஜயா திருத்தவில்லை.

ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பகுதியில் உட்காரும் வாங்கு நிறைந்திருந்தது. அவர்களுக்குப் பக்கத்தில் நடுத்தர வயதுச் சிங்களவர் ஒருவர், செயற்கைக் காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முழங்காலுக்குக் கீழே தடவிவிட்டபடி இருந்தார். தனுஜா நொடியில் அவரோடு பேச்சில் இறங்கிவிட்டாள். விஜயா எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள்.

"நான் இந்தக் காந்தத்துக்கு வரவில்லை, தங்கச்சி" என்றார் அவர் சிங்களத்தில். "எனக்கு மற்ற ஸ்கேன். முதுகில் செல்லுத் துண்டு இருக்கிறது. காந்தத்துக்குள் போனால் அது தன்பாட்டில் நடக்கத் தொடங்கிவிடும். நரம்பு அறுந்தால் மற்றக் காலும் போய்விடும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "ஆமியை விட்டு வந்து எவ்வளவு காலமாயிற்று. ஆமி என்னை விட்டுப் போகிறதில்லை."

தனுஜா விஜயாவின் வலது காதோரம் சாய்ந்தாள். விஜயா வழக்கம்போல முகத்தைத் திருப்பி இடது காதைக் கொடுத்தாள்.

"பாவம் அண்ணி. ஆமிக்காரரு. முதுகுல செல்லுத் துண்டு இருக்காம். ராவுல தூக்கமே கெடையாதாம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எல்லாம் அவனுங்க செஞ்சதுதானே? நம்ம பெரியண்ணன் என்னா ஆமிக்காரனா? சேலை மடிச்சுக்கிட்டுக் கெடந்தவன். அவனுங்கள்ல ஒருத்தன் என் கைக்குக் கெடைச்சா…"

அப்போது கதவுக்கு அப்பால் இயந்திரம் ஓடத் தொடங்கியது.

தட், தட், தட், தட். இடைவெளி. பிறகு தொடர்ச்சியாக, ஈவிரக்கமில்லாமல்.

விஜயா எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கை சுவரைத் தேடியது. கண் வெளிக்கதவைத் தேடியது. வாங்கின் மறு ஓரத்தில் அந்த மனிதரும் செயற்கைக் காலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். அவர் பார்வை விஜயாவின் முகத்தில் ஒரு கணம் நின்றது, பிறகு விலகியது.

"மிசினு சத்தம் அண்ணி, ஒக்காருங்க" என்று தனுஜா இழுத்தாள். "பொங்கலுக்கு வெடி போட்டாலே பயத்துல எந்திரிச்சு அம்மியப் போயிக் கழுவுற ஆளாச்சே! இங்க அம்மிக்கு எங்க போறது?"

விஜயா உட்கார்ந்தாள். கால் மட்டும் உட்காரவில்லை. தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

*

பெயர் கூப்பிட்டார்கள். அணைத்த போன்கள், கைப்பை, செருப்பு எல்லாவற்றையும் வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிய தாதி, கேள்விகளைச் சிங்களத்தில் அடுக்கினாள். இதயத்தில் கருவி பொருத்தியிருக்கிறதா? சத்திரசிகிச்சை எதுவும் நடந்திருக்கிறதா? உடம்பில் இரும்பு, குண்டு, ஊசி ஏதாவது இருக்கிறதா?

தனுஜா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒன்றும் இல்லை மிஸ். மூக்குத்தியைக்கூட எண்ணெய் விட்டுக் கழற்றிவிட்டோம்" என்றாள்.

தாதி சிரித்தாள். விஜயா வாய் திறக்கவில்லை. இன்னும் ஒரு கதவு இருக்கிறது. அதைத் தாண்டினால் தனியாகிவிடலாம்.

"அக்காவுக்குச் சிங்களம் தெரியுமா?"

"ஒரு சொல்லும் தெரியாது மிஸ்."

தாதி யோசித்தாள். "அசையாமல் படுக்க வேண்டும். நான் சொல்வது விளங்காவிட்டால் பயந்துவிடுவார். தங்கச்சி, நீயும் வளையல், தோடு எல்லாம் கழற்றிவிட்டு உள்ளே வா. பக்கத்திலிருந்து சொல்லு."

அது வெறும் இரக்கம். அந்த இரக்கம் விஜயாவின் கடைசிக் கதவையும் மூடியது.

"பயப்படாதீங்க அண்ணி, நானும் வாறேன்" என்று தனுஜா தோடுகளைக் கழற்றினாள்.

உள்ளே குளிர். வெள்ளை வளையமொன்று சுவரளவுக்கு வாய் திறந்து நின்றது. வாசலில் நின்ற விஜயாவுக்குக் காதின் பின்புறம் கனத்தது. உண்மையாகவே இழுக்கிறதா, அல்லது பயமா என்று பிரித்தறிய முடியவில்லை. பேசாமல் போய்ப் படுத்தால், வெளியே வரும்போது கால் இருக்குமா, கண் இருக்குமா, உயிர் இருக்குமா, தெரியாது. பேசினால் வீடு இருக்காது. ஒரு விநாடி, ஒரேயொரு விநாடி, படுத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அந்த எண்ணம் தனக்குப் புதிதல்ல என்பதுதான் அவளை உலுக்கியது.

"வாங்க அண்ணி" என்று தனுஜா கையைப் பிடித்தாள்.

விஜயா கையை விடுவித்துக்கொண்டாள்.

"மிஸ், என்னால் உள்ளே வர முடியாது" என்றாள். சிங்களத்தில் சொன்னாள். தடுமாற்றமில்லாத, இலக்கணம் பிசகாத, முகாமின் வரிசையில் நின்று சொல்லிப் பழகிய சிங்களம். "என் உடம்பில் இரும்பு இருக்கிறது. காதுக்குப் பின்னால் ஒன்று, இடுப்பில் ஒன்று. செல்லுத் துண்டுகள். எடுக்கவில்லை."

தாதி பாய்ந்து வந்து அவளை வாசலுக்கு வெளியே இழுத்தாள். கதவு அறைந்து மூடியது.

தனுஜா அப்படியே நின்றாள். கழற்றிய தோடுகள் கைக்குள் இருந்தன.

*

அதன்பின் எல்லாம் விரைவாக நடந்தது. டொக்டர் வந்தார். நல்லவேளை சொன்னீர்கள் என்றார். எக்ஸ்ரே எடுத்தார்கள். கறுப்புப் படத்தில், எலும்பின் ஓரத்தில், அரிசியளவு வெண்மையாக ஒன்று ஒளிர்ந்தது. மற்ற வகை ஸ்கேனுக்கு நாள் கொடுத்தார்கள். மரத்துப்போகும் கைக்கு அந்தத் துண்டுதான் காரணமா என்று அதன்பிறகுதான் சொல்ல முடியும். தூக்கமின்மை பற்றியும் டொக்டர் கேட்டார். மனநலப் பிரிவுக்கும் ஒருதரம் போங்கள், உங்களைப்போல நிறையப் பேர் வருகிறார்கள் என்றார். விஜயா தானே பதில் சொன்னாள். தனுஜா வாய் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில், பஸ் நிறுத்தத்து வாங்கில் இருவரும் உட்கார்ந்தார்கள். நமுனுகலை மலைப்பக்கம் மழை இருட்டிக்கொண்டு வந்தது.

"எங்க படிச்சது அந்தச் சிங்களம்?"

"புனர்வாழ்வு முகாமுல."

"அப்ப வவுனியா? தையல்?"

"தையலும் அங்கதான் படிச்சேன். அது மட்டும் பொய்யில்ல."

தனுஜா எழுந்து சில அடி நடந்தாள், திரும்பி வந்தாள். "நான் இல்லனு சொன்னேனே அண்ணி. ஒங்களக் கேக்காமலே இல்லனு சொல்லிட்டேனே! நீங்க உள்ள போயிருந்தா? ஒங்களக் கொன்னது நானாத்தானே ஆகியிருக்கும்? அதக்கூடவா யோசிக்கல?"

"அதுக்குத்தான் பேசினேன்."

"ஒரு செல்லு பட்டுச்சுனா சொல்ல வேண்டியதுதானே? அங்க சனத்துக்கெல்லாந்தான் பட்டுச்சு. அத எதுக்கு மறைக்கணும்?"

விஜயாவுக்கு ஒரு வழி திறந்தது. சனத்தோடு சனமாக நின்றபோது பட்டது என்று சொன்னால் போதும். தனுஜா அதை நம்புவாள், நம்பவே விரும்புவாள். அந்த வழியில் இன்னும் பல வருடங்கள் நடக்கலாம், ஒவ்வொரு சொல்லையும் எண்ணி எண்ணிப் பேசிக்கொண்டு.

அவளால் இனி நடக்க முடியாதிருந்தது.

"வீட்டுக்கு ஒராள் எண்டு கேட்டு வந்தவை" என்றாள். இவ்வளவு காலம் அடக்கி வைத்திருந்த வன்னிப் பேச்சு தானாக வந்தது. "அப்பாவுக்கு ஏலாது. தம்பி சின்னன். என்னைக் கூட்டிக்கொண்டு போனவை."

தனுஜா ஓர் அடி பின்னால் வைத்தாள். "துவக்கு?"

"தந்தவை."

"சுட்டீங்களா?"

ஒரு பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதை விஜயா பார்த்தாள்.

"ஓம்" என்றாள்.

விஜேந்திரனின் பஸ் வெடித்த நாளில் தான் வெள்ளைச் சட்டையோடு பள்ளிக்கூடத்தில் இருந்ததைச் சொல்ல அவளுக்கு நா எழுந்தது. சொல்லவில்லை. அதைச் சொல்லித் தப்புவதற்கு, அந்த வீட்டில் அவள் உண்ட சோறு இடங்கொடுக்கவில்லை.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முந்தியே தெரியும்."

அந்தப் பதில்தான் தனுஜாவை உட்கார வைத்தது. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். அதற்குள் சிவப்புத் துணி இருந்தது. அவள் கொடுக்கவில்லை. விஜயா கேட்கவில்லை.

தனுஜா தன் போனைப் போட்டதும் ரமேஸின் தவறிய அழைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவை ஓய்வதற்குள் மணி அடித்தது. திரையில் 'அம்மா'.

தனுஜா விஜயாவைப் பார்த்தாள். பிறகு எடுத்தாள்.

"தனு, தாலியப் போட்டுக்கிட்டாளா?"

"இல்லம்மா. மிசினு வேலை செய்யல. இன்னொரு நாளைக்கு வரச் சொல்லிட்டாங்க."

இந்தப் பொய்யை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விஜயா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"மிசினு வேலை செய்யலையா?" என்றது நல்லம்மாவின் குரல். போனுக்கு வெளியேயும் கேட்டது.

"ஆமாம்மா."

"ஒங்கண்ணன் கொழுந்து லொறிய ரோட்டுலயே விட்டுட்டு ஓடியாந்தான். ஒங்க போனு ரெண்டும் வேலை செய்யல, அவ சொல்லாமலே உள்ள போயிட்டா போலனு பெரியவன் படத்துக்கு முன்னால நின்னு தலையில அடிச்சுக்கிட்டு அழுதான். எல்லாத்தையும் சொல்லிட்டான்டி." மூச்சு வாங்கியது. "அவ உசுரோட இருக்காளா? அத மொதல்ல சொல்லு."

"இருக்காங்கம்மா."

மறுமுனையில் நல்லம்மா மூக்கைச் சிந்தினாள். பிறகு, "போன அவகிட்ட குடு."

தனுஜா கைப்பையைத் திறந்தாள். ஒரு கையில் போன், மறு கையில் சிவப்புத் துணி.

"ரெண்டும் ஒங்களோடதுதான். புடிங்க" என்றாள். "இனிமே ஒங்களுக்கு நான் வாயா இருக்க முடியாது."

விஜயா போனை வழக்கம்போல வலது காதுக்குக் கொண்டுபோனாள். பிறர் முன்னிலையில் எப்போதும் அப்படித்தான் வைத்து, கேட்டதுபோல் தலையாட்டுவாள். பாதியில் கை நின்றது. தனுஜா பார்த்துக்கொண்டிருக்கும்போதே, போனை இடது காதுக்கு மாற்றினாள்.

"அத்தை" என்றாள்.

கேட்கும் காதில் நல்லம்மாவின் மூச்சு ஏறி இறங்கியது. இன்னும் சொல்லாகவில்லை.